ஒரு கடைக்கு ஒரு தட்டு: ஸ்பெயின் நகரங்களில் நல்ல தபாஸ் தேடுவது எப்படி

ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டை வட்டாரத்தில் தோல் தொழிலை நம்பிப் பிழைக்கும் எங்களில் பலருக்கு ஸ்பெயின் பள்ளிக்கூட வரைபடத்தில் பார்த்து மறந்துபோன நாடாக இருப்பதில்லை. அந்நாட்டின் அலிகாந்தே மாகாணத்தில் உள்ள எல்சே, எல்டா ஆகிய ஊர்கள் காலணித் தொழிலுக்குப் பேர் போனவை. அங்கிருந்து வாங்குபவர்களும் வடிவமைப்பாளர்களும் இங்கே வருகிறார்கள். இங்கிருந்து சாம்பிள் ஜோடிகளைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டு மெர்ச்சண்டைசர்களும் டெக்னீஷியன்களும் அங்கே போகிறார்கள். அப்படிப் போகும் வாய்ப்பு முதன்முதலாகக் கிடைத்த இளைஞர்கள் வேலூரில் என்னைத் தேடி வந்து, விசாவைப் பற்றியும் குளிரைப் பற்றியும் விசாரிப்பதற்கு முன்பே, "சார், அங்க இன்னா சார் துன்றது?" என்று கேட்டுவிடுவார்கள். ஏற்கெனவே கைபேசியில் நாலு வீடியோ பார்த்துவிட்டு வருகிறவர்கள் ஒரு படி மேலே போய், "மாட்ரிட்ல பெஸ்ட் தபாஸ் ரெஸ்டாரண்ட் எது சார், ஒரே ஒரு பேர் சொல்லுங்க" என்பார்கள்.

முதல் கேள்விக்கு எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பதில் சொல்வேன். இரண்டாவது கேள்விக்கு ஒரே ஒரு பெயரைச் சொல்லி அனுப்பிவைக்க எனக்கு மனம் வருவதில்லை. ஒரே கடையில் உட்கார்ந்து, வயிறு நிறையச் சாப்பிட்டு, கை கழுவிக்கொண்டு எழுந்திருக்கும் பழக்கத்திற்கு, தபாஸ் என்னும் சிறு தட்டுப் பதார்த்தங்களைச் சாப்பிடும் முறை முற்றிலும் மாறானது. ஒரு கடைக்குள் நுழைந்து, கவுண்டர் ஓரமாக நின்று, ஒரு பானமும் ஒரு சிறிய தட்டும் வாங்கி, அதை முடித்த கையோடு காசைக் கொடுத்துவிட்டு அடுத்த கடைக்கு நடப்பதுதான் அங்குள்ள வழக்கம். ஒரு மாலைப்பொழுதில் நாலைந்து கடைகளில் ஏறி இறங்குவது சர்வ சாதாரணம். இந்த வழக்கத்தால் ஒவ்வொரு கடையும் ஏதாவது ஒன்றில் கைதேர்ந்ததாக இருந்தால் போதும், எல்லாவற்றையும் நன்றாகச் செய்தாக வேண்டிய கட்டாயம் எந்தக் கடைக்கும் இல்லை. பிரியாணிக்காக ஆம்பூர் போகிறவர், அந்தக் கடையிலேயே மக்கன் பேடாவையும் எதிர்பார்ப்பதில்லை; அதற்கு ஆற்காடு இருக்கிறது என்பது அவருக்குத் தெரியும். அந்தத் தெளிவோடு போகிறவர் ஸ்பெயினில் ஏமாறுவது அபூர்வம்.

இதைக் கண்ணால் பார்க்க விரும்புகிறவர்கள் வடக்கே ரியோகா பகுதியின் தலைநகரான லொக்ரோன்யோவுக்குப் போக வேண்டும். அங்கே லவுரெல் தெரு என்றொரு குறுகிய தெருவும் அதை ஒட்டிய சந்துகளும் முழுக்க முழுக்கத் தபாஸ் கடைகள். அவற்றில் சொரியானோ என்ற கடைக்குள் போனால் என்ன வேண்டும் என்று யோசிக்க வேண்டிய அவசியமே இல்லை. காளான்தான். காம்பு நீக்கிய காளான் குடைகள் இரும்புக் கல்லின்மேல் வரிசை வரிசையாகக் கவிழ்ந்து வதங்கிக்கொண்டிருக்கும். வெந்தவற்றை ஒன்றன்மேல் ஒன்றாக ஒரு ரொட்டித் துண்டின்மேல் அடுக்கி, உச்சியில் ஒரு குட்டி இறாலை வைத்து, மேலிருந்து கீழ்வரை ஒரு குச்சியால் குத்தி நிறுத்திப் பூண்டுச் சாற்றை ஊற்றித் தருவார்கள். காளானின் நீரும் எண்ணெயும் பூண்டும் சேர்ந்து அடியிலிருக்கும் ரொட்டியில் ஊறியிருக்கும். கடைசியாக வாய்க்குள் போகும் அந்த ரொட்டித் துண்டுக்காகவே கூட்டம் நிற்கிறது என்பது என் எண்ணம். அதைத் தின்றுவிட்டு வெளியே வந்தால், வேறு ஏதோ ஒரு பதார்த்தத்திற்குப் பேர் போன அடுத்த கடை பத்தடியில் இருக்கும்.

ஆகவே ஒரு புதிய நகரத்தில் இறங்கியதும், "நல்ல ரெஸ்டாரண்ட் எங்கே?" என்று கேட்பதை விட்டுவிட்டு, "நல்ல தோர்த்தீயா (உருளைக்கிழங்கு முட்டை அடை) எங்கே கிடைக்கும்? நீங்கள் எந்தக் கடையில் இறால் சாப்பிடுவீர்கள்?" என்று பதார்த்தத்தின் பெயரைச் சொல்லிக் கேட்க வேண்டும். பொதுவாகக் கேட்டால், வெளிநாட்டாருக்குச் சொல்வதற்கென்றே வைத்திருக்கும் ஒரு பெயர்தான் ஹோட்டல் வரவேற்பாளரிடமிருந்து வரும். ஒரு பதார்த்தத்தைக் குறிப்பிட்டுக் கேட்டால் அதே மனிதர் ஒரு நிமிடம் யோசிப்பார், பக்கத்தில் இருப்பவரிடம் வாதாடுவார், பிறகு தாம் உண்மையிலேயே போகும் கடையைச் சொல்வார். இணையத்தில் தேடும்போதும் இதே முறைதான் உதவுகிறது. ஒரு கடையின் நட்சத்திரங்களைக் கூட்டிப் பார்ப்பதைவிட, அந்தக் கடையைப் பற்றி ஸ்பானிய மொழியில் எழுதியிருப்பவர்கள் எந்தப் பதார்த்தத்தைத் திரும்பத் திரும்பப் படமெடுத்துப் போட்டிருக்கிறார்கள் என்று பார்ப்பது நல்லது. பத்துப் படங்களில் ஏழில் ஒரே தட்டு தென்பட்டால், அந்தக் கடைக்கு எதற்காகப் போக வேண்டும் என்பது விளங்கிவிடும்.

அடுத்தது நேரம். நம் ஊர்க்காரர்கள் ஸ்பெயினில் மோசமான சாப்பாட்டைச் சாப்பிட நேர்வதற்கு, கடையைவிட நேரமே பெரிய காரணம். அங்கே மதியச் சாப்பாடு இரண்டு மணிக்குமேல். இரவுச் சாப்பாடு ஒன்பது மணிக்குமேல். இடையில் நாலு மணியிலிருந்து எட்டு மணிவரை பல கடைகளில் அடுப்பே எரியாது. மாலை ஆறரை மணிக்கு நமக்குப் பசிக்கிறதே என்று வெளியே கிளம்பினால், அந்நேரத்தில் சமையலறையைத் திறந்து வைத்திருப்பவை பெரும்பாலும் சுற்றுலாப் பயணிகளுக்கான கடைகள்தான். வாசலில் ஆள் நிறுத்திக் கூப்பிடுவதும், ஆறேழு மொழிகளில் அச்சிட்ட மெனு அட்டையும், வண்ணம் வெளுத்த பாயெல்லா புகைப்படங்களும் அத்தகைய கடைகளின் அடையாளங்கள். அந்தப் பாயெல்லாவே வாலென்சியாக்காரர்கள் மதியத்தில் சாப்பிடும் சோறு. இரவில் அதைப் படம் போட்டு விற்கும் கடையைத் தாண்டிப் போய்விடலாம். இன்னொன்றையும் கணக்கில் வைத்துக்கொள்ள வேண்டும். மாட்ரிட்டில் இரவு ஒன்பது மணி என்றால் வேலூரில் கோடையில் நள்ளிரவு பன்னிரண்டரை, குளிர்காலத்தில் ஒன்றரை. போய் இறங்கிய அன்று இரவே தபாஸ் தெருவில் நிற்க உடம்பு ஒத்துழைக்காது. ஆகையால் முதல் நாள் மதியம் ஒரு மணியை ஒட்டிக் கிளம்புங்கள் என்றுதான் எல்லாரிடமும் சொல்கிறேன். சாப்பாட்டுக்கு முன் ஒரு பானமும் ஒரு சிறு தட்டுமாக உள்ளூர்க்காரர்களே நிற்கும் நேரம் அது. எண்ணெயும் புதிதாக இருக்கும், பரிமாறுபவருக்கும் நம்மிடம் பேசப் பொறுமை இருக்கும்.

கடைக்குள் நுழைந்ததும் மெனுவைத் தேடாமல் கவுண்டரைப் பார்க்க வேண்டும். அங்கே முதலில் என் கண் தேடுவது தோர்த்தீயாவை. ஸ்பெயின் முழுவதும் கிடைக்கும் பதார்த்தம் இதுதான். கடையின் கைப்பக்குவத்தை மறைக்க முடியாத பதார்த்தமும் இதுதான். உருளைக்கிழங்கை மெல்லிய வில்லைகளாக அரிந்து, நிறைய ஆலிவ் எண்ணெயில் சிறு தீயில், பொரியவிடாமல் குழைய வேகவைத்து, எண்ணெயை வடித்து, அடித்த முட்டையில் சற்று நேரம் ஊறவைத்து, பிறகு சட்டியில் ஊற்றித் தட்டை மூடித் திருப்பிப் போட்டு எடுப்பார்கள். நல்ல கடையில் வெட்டிய ஓரத்தைக் குனிந்து பார்த்தால் விளிம்பு பொன்னிறமாகவும், நடுப்பகுதி இன்னும் கெட்டிப்படாமல் மெல்லத் தட்டில் வழிவதாகவும் இருக்கும். கலீசியாவில் பெத்தான்சோஸ் என்னும் ஊரின் பாணியில் செய்வது கத்தி பட்டதும் ஓடிவிடும் அளவுக்கு இளக்கமாக இருக்கும். மாறாக, ரப்பர் ஷீட்டை வெட்டி அடுக்கியதுபோல் உயரமும் ஓரமும் ஒரே அளவாக, கண்ணாடிப் பெட்டிக்குள் வெளுத்துப்போய் உட்கார்ந்திருந்தால், அது வேறெங்கோ செய்து குளிரூட்டி வந்தது. அந்தக் கடையில் ஒரு காபியோடு நிறுத்திக்கொள்ளலாம். வெங்காயம் போடலாமா கூடாதா என்பது அவர்களுக்குள் தீராத வழக்கு; நான் வெங்காயக் கட்சி.

குரோக்கேத்தாவுக்கும் இப்படி ஒரு சோதனை உண்டு. வெண்ணெயும் மைதாவும் பாலும் சேர்த்துக் கிண்டிய கூழை ஆறவைத்து, உருட்டி, ரொட்டித்தூளில் புரட்டிப் பொரிப்பது அது. கையால் உருட்டியவை ஒன்றுக்கொன்று சற்றே வேறுபட்டிருக்கும். கடித்தால் மேல் ஓடு நொறுங்கி, உள்ளே இருப்பது நாக்கில் பாயும். எல்லாம் ஒரே அச்சில் வார்த்தது போலிருந்து, உள்ளே மாவு கட்டியாக நின்றால், அது பாக்கெட்டிலிருந்து வந்தது. இந்த இரண்டையும் பார்க்கப் பழகிவிட்ட கண்ணுக்கு எந்த நகரத்திலும் வழிகாட்டி தேவைப்படாது. பெங்களூருவிலோ சென்னையிலோ தபாஸ் என்று பலகை வைத்த இடத்தில் உட்கார நேர்ந்தாலும் இவ்விரண்டையும் முதலில் வரவழைத்துவிட்டு மற்றதை முடிவு செய்யலாம்.

இவ்வளவுக்குப் பிறகும் பெயர் வேண்டும் என்பவர்களுக்காக மாட்ரிட்டில் சில பெயர்களைச் சொல்கிறேன். ஒவ்வொன்றையும் அதற்குரிய பதார்த்தத்தோடு சேர்த்தே நினைவில் வைக்க வேண்டும். புவெர்த்தா தெல் சோல் சதுக்கத்திற்கு அருகில் 1860 முதல் இருக்கும் காசா லப்ரா, பொரித்த பக்கலாவோவுக்கு உரியது. உப்பிட்டு உலர்த்திய காட் மீனைத் தண்ணீர் மாற்றி மாற்றி ஊறவைத்து, உப்பை இறக்கி, மாவில் தோய்த்துப் பொரிக்கிறார்கள். ஸ்பானிய சோஷலிஸ்ட் கட்சி 1879இல் தொடங்கப்பட்டதும் இந்தக் கடையில்தான்; ஒரு நாட்டின் ஆளுங்கட்சியாகப் பிற்காலத்தில் வளர்ந்த இயக்கம் மீன் பொரிக்கும் கடையில் பிறந்தது என்பதை நினைத்துக்கொண்டே அங்கே நிற்பது எனக்கு ஒவ்வொரு முறையும் பிடித்திருக்கிறது. அங்கிருந்து சற்று நடந்தால் 1906இல் தொடங்கிய காசா தெல் அபுவேலோ. இங்கே இறால். சின்ன மண் சட்டியில் ஆலிவ் எண்ணெய், சீவிய பூண்டு, காய்ந்த மிளகாய்த் துண்டு, தோல் உரித்த இறால் இவ்வளவுதான். அடுப்பிலிருந்து இறக்கிக் கவுண்டரில் வைத்த பின்னும் எண்ணெய் கொதித்துக்கொண்டே இருக்கும். பூண்டு ஓரத்தில் மட்டும் பழுப்பேறியிருக்கும். இறாலை முடித்ததும் மிஞ்சிய எண்ணெயில் ரொட்டியைத் தோய்த்துச் சட்டியைத் துடைத்துச் சாப்பிடாதவரைப் பரிமாறுபவர் சற்று வருத்தத்தோடுதான் பார்ப்பார்.

மலசான்யா பகுதியில் 1892 என்று ஆண்டு பொறித்த போதேகா தெ லா அர்தோசா, தோர்த்தீயாவுக்கு. கவுண்டருக்கு அடியில் குனிந்து நுழைந்துதான் பின்னறைக்குப் போக முடியும் என்ற அளவுக்குக் குறுகிய கடை. ஞாயிற்றுக்கிழமை மாட்ரிட்டில் இருக்க வாய்த்தால், காலையில் எல் ராஸ்த்ரோ சந்தையைச் சுற்றிவிட்டு, மதியம் லா லத்தீனா பகுதியின் காவா பாஹா தெருவுக்குப் போகலாம். கடைகள் தோளோடு தோள் ஒட்டிய தெரு. கூட்டம் நெருக்கித்தள்ளும், ஆனாலும் ஊரே வெளியில் நின்று சாப்பிடுவதைப் பார்க்க அதைவிட நல்ல நேரம் இல்லை. மயோர் சதுக்கத்தை ஒட்டிய சான் மிகேல் சந்தை 1916இல் எழுப்பிய அழகான இரும்புக் கட்டடம். உள்ளே விலை அதிகம், கண்ணுக்குத்தான் விருந்து. அதே சதுக்கத்தைச் சுற்றியுள்ள சந்துகளில் விற்கும் கணவாய் வறுவல் வைத்த ரொட்டி விலையும் குறைவு, வயிற்றுக்கும் போதுமானது.

செவில் நகரத்தின் எல் ரின்கோன்சீயோ 1670 முதல் நடப்பது. அங்கே நாம் சாப்பிடச் சாப்பிட, பரிமாறுபவர் நம் கணக்கை மரக் கவுண்டரின் மேலேயே சாக்பீஸால் எழுதிக்கொண்டு வருவார். கடைசியில் கூட்டிச் சொல்லிவிட்டு, காசை வாங்கிக்கொண்டு, ஈரத் துணியால் ஒரே வீச்சில் அழித்துவிடுவார். அங்கே கேட்க வேண்டியது கீரையும் கொண்டைக்கடலையும் சேர்த்த தட்டு. சீரகமும் பூண்டும் மிளகாய்த்தூளும் போட்டு, வறுத்த ரொட்டியை அரைத்துவிட்டுக் கெட்டியாக்குவது. அரபியர் ஆண்ட காலத்தின் வாசம் அந்தச் சீரகத்தில் இருக்கிறது. கிரனாடாவில் பெரும்பாலான கடைகளில் பானம் வாங்கினால் ஒரு தபா இலவசமாக வரும். அடுத்த பானத்திற்கு அடுத்த தபா. இலவசம் என்பதால் தேர்வு பெரும்பாலும் கடைக்காரருடையது. சாப்பிடக் கூடாதது ஏதேனும் இருந்தால் பானம் கேட்கும்போதே சொல்லிவிட வேண்டும். சான் செபாஸ்தியானின் பழைய நகரத்தில் கவுண்டர் நிறையப் பின்சோக்கள், அதாவது ரொட்டித் துண்டின்மேல் குச்சி குத்திய சிறு பதார்த்தங்கள், அடுக்கியிருக்கும். புதிதாக வருகிறவர்கள் தட்டை நிரப்பிக்கொண்டு ஒரே கடையில் நின்றுவிடுகிறார்கள். உள்ளூர்க்காரர்கள் சுவரிலுள்ள கரும்பலகையைப் பார்த்து, அடுப்பிலிருந்து சூடாக வரும் ஒன்றைச் சொல்லிவிட்டுக் காத்திருக்கிறார்கள். அவர்களைப் பின்பற்றுவது உத்தமம். பார்சிலோனாவில் பெரிய வீதியான ரம்ப்லாவை விட்டுவிட்டுப் போப்லே செக் பகுதியில் கிமெத் இ கிமெத் என்ற சின்னக் கடைக்குப் போகலாம். டின்னில் அடைத்த மீனையும் சிப்பியையும் வைத்தே என்னென்ன செய்ய முடியும் என்பது அங்கே தெரியும்.

எங்கள் வட்டாரத்திலிருந்து போகிறவர்களில் பன்றியிறைச்சி தொடாதவர்களும் மது அருந்தாதவர்களும் நிறையப் பேர். மரக்கறி மட்டும் உண்பவர்களும் உண்டு. தபாஸ் நமக்கு ஒத்துவராது என்று இவர்கள் பிஸ்கட் பாக்கெட்டோடு அறையில் முடங்குவதைப் பார்க்க எனக்கு மனம் வலிக்கிறது, ஏனென்றால் சற்றுக் கவனமாக இருந்தால் அவர்களுக்கும் அங்கே வேண்டிய அளவு இருக்கிறது. ஹாமோன் என்னும் உப்பிட்ட பன்றித் தொடை அங்கே இறைச்சிக் கணக்கிலேயே சேராததுபோல் எதன்மேலும் தூவப்படும். தக்காளியை ரொட்டியோடு அரைத்துச் செய்யும் சல்மொரேகோ என்ற குளிர்ந்த கூழின்மேல் அது இருக்கும்; குரோக்கேத்தாவுக்குள் இருக்கும்; பேரீச்சம்பழத்தைச் சுற்றியிருப்பதும் பன்றியிறைச்சியாகவே இருக்கும். எல்சேயில் பேரீச்சந்தோப்புகளைப் பார்த்துவிட்டு வந்து ஆசையாக அதைக் கேட்கிறவர்கள் இதை மறக்கக் கூடாது. "மாமிசம் வேண்டாம்" என்று மட்டும் சொன்னால் ஹாமோன் வரலாம், சூரை மீனும் வரலாம். "நோ கோமோ செர்தோ" என்றால் பன்றி சாப்பிடமாட்டேன் என்று பொருள். "சின் ஹாமோன்" என்றால் ஹாமோன் இல்லாமல். மரக்கறிக்காரர்கள் "நி கார்னே நி பெஸ்காதோ" என்று இறைச்சி, மீன் இரண்டையும் சேர்த்தே மறுக்க வேண்டும்.

பன்றி வேண்டாதவர்களுக்கு இறாலும் பக்கலாவோவும் வினிகரில் ஊறிய நெத்திலியும் இருக்கின்றன. பொரித்தவற்றுக்கு எண்ணெய் பொதுவா என்று கேட்டுக்கொள்வது அவரவர் விருப்பம். முட்டை தின்பவர்களுக்குத் தோர்த்தீயா, அதுவும் தொடாதவர்களுக்குப் பத்ரோன் மிளகாய். விரல் நீளமே உள்ள பச்சை மிளகாயை முழுதாக எண்ணெயில் கொப்புளிக்க வதக்கிக் கல்லுப்பைத் தூவித் தருவது அது. பெரும்பாலானவை காரமே இருக்காது, எப்போதாவது ஒன்று உறைக்கும். ஸ்பானியர் துள்ளுவதைப் பார்த்தபின் நம்மவர் அதைச் சாதாரணமாக மென்று முடிப்பார். பத்தாத்தாஸ் பிராவாஸ் என்ற உருளை வறுவலின் சாஸ் காரமானது என்று சொல்லித் தருவார்கள்; வேலூர் நாக்குக்கு அது பொருட்டில்லை. செம்மறிப் பாலில் செய்த மன்சேகோ பாலாடைக்கட்டியும் ஆலிவும் வறுத்த பாதாமும் எங்கும் கிடைக்கும். பானத்திற்கு மோஸ்தோ என்று கேட்டால், புளிக்கவைக்காத திராட்சைச் சாற்றைப் பனிக்கட்டி போட்டு, சில கடைகளில் ஒரு ஆலிவோடு, தருவார்கள். கவுண்டரில் கையில் கோப்பையோடு நிற்பதில் நமக்கும் பக்கத்தில் இருப்பவருக்கும் வித்தியாசமே தெரியாது. பன்றியிறைச்சி உண்பவர்களுக்கு ஒரு குறிப்பு: 2014இலிருந்து, இபேரிகோ என்னும் பன்றி இனத்தின் ஹாமோனுக்கு நான்கு நிற முத்திரைகள் உண்டு. கருப்பு முத்திரை என்றால் கலப்பில்லாத இபேரிகோ இனம், ஓக் மரக் கொட்டையைத் தின்று மேய்ந்தது. சிவப்பு என்றால் அதே மேய்ச்சல், இனம் கலப்பு. பச்சையும் வெள்ளையும் தீவனத்தில் வளர்ந்தவை. தொங்கும் தொடையின் கணுக்காலில் முத்திரை கட்டியிருக்கும். விலை கேட்பதற்குமுன் அதைப் பார்த்துக்கொள்ளலாம்.

மாட்ரிட்டிலிருந்து அலிகாந்தேவுக்கு அதிவேக ரயிலில் ஏறத்தாழ இரண்டரை மணி நேரம். ஆகையால் பலருக்கு மாட்ரிட்டில் கிடைப்பது ஒரே ஒரு மதியமோ ஒரே ஒரு இரவோதான். அவர்களுக்கு நான் தாளில் எழுதிக் கொடுப்பது இது: ஒரு மணிக்குக் காசா லப்ராவில் இரண்டு துண்டு பக்கலாவோ, மீனுக்குத் தனியாகவும் பானத்துக்குத் தனியாகவும் நிற்க வேண்டியிருக்கும், இரண்டு பேராகப் போனால் ஆளுக்கொரு பக்கம் நிற்கலாம். அங்கிருந்து நடந்து அபுவேலோவில் ஒரு சட்டி இறால். பிறகு மலசான்யாவுக்கு மெட்ரோ, அர்தோசாவில் ஒரு துண்டு தோர்த்தீயா. ஒவ்வொரு இடத்திலும் கவுண்டரிலேயே நில்லுங்கள், வெளி மேசைக்குச் சில கடைகளில் விலை கூடுதல். எதையும் பெரிய தட்டாகக் கேட்காதீர்கள். தபா சின்னது, மேதியா ரசியோன் அரைத் தட்டு, ரசியோன் முழுத் தட்டு, முழுத் தட்டு வாங்கியவருக்கு அடுத்த கடையில் பசி இருக்காது. பணத்தை முதலில் நீட்ட வேண்டியதில்லை, பெரும்பாலான கடைகளில் கிளம்பும்போதுதான் கணக்கு. திங்கட்கிழமையும் ஆகஸ்ட் மாதமும் பல கடைகளுக்கு விடுமுறை என்பதால், டிக்கெட் போடும்போதே நாளைப் பார்த்துக்கொள்ளுங்கள்.